வள்ளியம்மா பாடின ரெக்கார்டு

பெங்களூர் மர்பி டவுன்ல எங்க காம்பவுண்டுக்குள்ள வந்து சின்னப்பா வீடு எதுன்னு கேட்டீங்கன்னா, "ரெக்கார்டு நிமித்தறவரு வீடா?"ன்னு திருப்பிக் கேட்டுட்டுத்தான் கை காட்டுவாங்க. ஃபேக்டரியில அத்தனை வருசம் தகரம் அடிச்சான், அதை ஒருத்தரும் சொல்றதில்ல. நெளிஞ்சு போன பாட்டு ரெக்கார்டை வீட்டுலயே நிமித்தித் தர்றவன், அதுதான் அவன் பேரு. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி அடிச்சா அந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிரும். அதனால அவன் கதையைச் சொல்ல என்னை விட்டா ஆள் கிடையாது.

நான் மௌரீன். ஒரு நர்சிங் ஹோம்ல ஆயா வேலை. என் வாய் சும்மா இருக்காதுன்னு இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும், அதை நானே ஒத்துக்கறேன்.

சின்னப்பாவுக்கு வேலை ஓல்டு மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஃபேக்டரியில, பிரஸ் ஷாப்ல. நாள் பூரா தகரத்துல மெஷின் டமார் டமார்னு இறங்கும். காதுல பஞ்சு வைன்னு சூப்பர்வைசர் சொல்லுவாராம், இவன் வைக்க மாட்டான். நாப்பது வயசுலயே காது மந்தம். ஆளு நல்லவன், அதுல சந்தேகமே இல்ல. குடி கிடையாது, சீட்டு கிடையாது, சம்பளம் வீட்டுக்கு வந்துடும். ஆனா ஒரு விஷயத்தைப் புடிச்சா, அதைத் தலையில தூக்கி வச்சு ஆடுவான். கொஞ்சமா செய்யறதுங்கறது அவனுக்குத் தெரியாது.

அவன் பொண்டாட்டி வள்ளியம்மா. அவளைப் பொண்ணு பாத்துக் கட்டினான்னு சொல்ல முடியாது, குரலைக் கேட்டுக் கட்டினான். ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்தும்போது அவ பாடுவா. மைக் செட்டே வேணாம், உல்சூர் வரைக்கும் கேக்கும்னு சொல்லுவாங்க. உல்சூருக்குக் கேட்டுச்சோ என்னமோ, எங்க சர்ச் கொயர்ல இருந்த எனக்கு வயிறு எரிஞ்சது உண்மை. அப்ப சிவாஜிநகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர், தன் வேண்டுதல் பலிச்சதுக்காக, வள்ளியை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போய் அம்மன் மேல ஒரு பாட்டு ரெக்கார்டு போட வச்சார். சின்ன சைஸ் தட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. கொஞ்சம்தான் போட்டாங்க. கோயில்ல ஒண்ணு, அவர் வீட்டுல ஒண்ணு, சொந்தக்காரங்ககிட்ட சிலதுன்னு போய், எல்லாம் எங்கெங்கயோ காணாமப் போச்சு. சின்னப்பா வீட்டுல இருந்தது மட்டும்தான் மிச்சம். நடுவுல ஒட்டின சிவப்புத் தாள்ல "எம். வள்ளியம்மாள் குழுவினர்"னு அச்சடிச்சிருக்கும். குழுவினர்னா ஆர்மோனியக்காரரும் டோலக்குக்காரரும்.

அந்த ரெக்கார்டை நெளிய வச்சது வெயிலும் இல்ல, எலியும் இல்ல. சின்னப்பாதான். அதுவும் பக்தியில.

பெங்களூர்ல ஆயுத பூஜைன்னா சும்மா இல்ல. ஆட்டோ, லாரி, லேத் மெஷின், தையல் மெஷின், சைக்கிள் பம்ப்பு வரைக்கும் கழுவிப் பொட்டு வச்சு, வாழைக்கன்னு கட்டி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குவாங்க. எங்க வீட்டுல அந்த வழக்கம் இல்ல. ஆனா பொரி கடலை வரும், அதுக்காக நான் வாசல்ல நிப்பேன். அந்த வருசம், தொண்ணூத்தி ஒண்ணுல, சின்னப்பா ஃபேக்டரி பூஜையை முடிச்சுட்டு வந்து, வீட்டுல இருக்கற சாமானுக்கெல்லாம் பூஜை போட்டான். மிக்ஸிக்குப் பொட்டு, இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு. கடைசியில ரெக்கார்டு பிளேயர். அதுக்கு மட்டும் பொட்டு போதாதுன்னு அவனுக்குத் தோணிச்சு. வள்ளியோட ரெக்கார்டை எடுத்து பிளேயர் மேல வச்சு, அந்தச் சிவப்புத் தாள்ல சந்தனம் குங்குமம் வச்சு, பூ வச்சு, சூடம் ஏத்தின பித்தளைத் தட்டை ரெக்கார்டு மேலயே வச்சுட்டான். வீட்டுல சரஸ்வதி இதுதானேன்னு சொல்லிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டான்.

சூடம் கட்டி பெருசு. எரிஞ்சு முடிஞ்சு தட்டை எடுத்தா, தட்டோட ரெக்கார்டும் கொஞ்சம் மேல வந்து அப்புறம் விழுந்துச்சு. எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. ஊசியை வச்சுப் பாத்தான். ஊசி குதிச்சுக் குதிச்சு, பாட்டு வர்றதுக்குப் பதிலா தட் தட்டுன்னு சத்தம் வந்துச்சு. அவன் முகம் செத்துப் போச்சு. வள்ளி என்ன பண்ணினா? இடுப்பைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

"போனாப் போவுது விடு. பாடறதுக்கு நான்தான் இருக்கேனே"ன்னா.

ரெண்டு வருசம் கழிச்சு அவ கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. ஆபரேசன் பண்ணினாங்க. உசுரு பொழைச்சுது, குரல் போச்சு. குரல் நரம்பு போயிடுச்சாம், அது அப்படி நடக்கறது உண்டாம். அதுக்கப்புறம் அவ பேசினா காத்து மட்டும்தான் வரும். உதடு அசையும், உஸ் உஸ்னு ஒரு மூச்சு, அவ்வளவுதான். மாரியம்மன் கோயிலே அதிர்ற மாதிரி பாடின பொம்பளை, வாசல்ல கீரைக்காரியைக் கூப்பிடக் கையைத் தட்ட வேண்டியிருந்துச்சு. நான் நர்சிங் ஹோம்ல தினமும் தொண்டையில டியூப் வச்சவங்களைப் பாக்கறவ. ஆனா இவளைப் பாத்து வீட்டுக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

இப்ப பாருங்க, அந்த நெளிஞ்ச தட்டு ஒண்ணுலதான் வள்ளியோட குரல் மிச்சம். அதை நிமித்தினா குரல் திரும்ப வீட்டுக்கு வரும். நிமித்தறேன்னு கெடுத்துட்டா அத்தோட போச்சு.

ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ரெக்கார்டை வச்சு வெயில்ல காட்டினா நிமிரும்னு ஃபேக்டரியில யாரோ சொன்னாங்களாம். சின்னப்பா உடனே செஞ்சு பாத்துருக்கலாம். செய்யல. பயம். மத்தவங்க ரெக்கார்டுல முதல்ல கை பழகணும்னு முடிவு பண்ணினான். எல்லாரும் கேசட்டுக்கு மாறின காலம் அது, வீட்டுக்கு வீடு பரண் மேல ரெக்கார்டு நெளிஞ்சு கிடந்துச்சு. இவன் போய், குடுங்க நான் சரி பண்ணித் தர்றேன்னு கேட்டு வாங்கிட்டு வருவான். ஜனங்க, என்ன தங்கமான மனுசன், சும்மனே செஞ்சு தர்றாருன்னு மெச்சிக்கிட்டாங்க. பரிசோதனை பண்றான்னு எனக்கும் வள்ளிக்கும் மட்டும்தான் தெரியும்.

கண்ணாடி குடுத்தது என் தம்பி சிரில், சிவாஜிநகர்ல போட்டோ ஃபிரேம் கடை வச்சிருக்கான். முறை என்னன்னா, முதல்ல ரெக்கார்டை ஒரு சொட்டு சோப்புத் தண்ணியில கழுவித் தூசி இல்லாம துடைக்கணும். மண்ணு ஒண்ணு மாட்டினாலும் பாட்டுல அது குத்தி உக்காந்துக்கும். மொட்டைமாடியில தகரத்தை விரிச்சு, அது மேல கண்ணாடி, ரெக்கார்டு, மறுபடி கண்ணாடி. மேல பாரம் ஒண்ணும் வைக்கக் கூடாது, கண்ணாடியோட கனமே போதும். புறங்கையை வச்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பான். கை சுடுது ஆனா வச்சிருக்க முடியுதுன்னா அதுதான் பதம். நெளிவு தானாப் படுத்துடும். அப்படியே பிரிக்காம கீழ கொண்டுவந்து, ஆறினதுக்கு அப்புறம் அம்மிக்கல்லை மேல ஏத்தி, மறுநாள் வரைக்கும் தொடாம விடணும். சூட்டோட பிரிச்சா பழையபடி நெளியும். சூட்டோட பாரம் ஏத்தினா பாட்டு இருக்கற கோடெல்லாம் அமுங்கிப் போயிடும்.

இது எல்லாம் நம்ம ஊர்ல வருசத்துல ஒரு மாசம்தான் நடக்கும். பெங்களூர் வெயில் ஒரு வெயிலா? மார்ச் கடைசியில ஆரம்பிச்சு, மத்தியானம் மழை வர ஆரம்பிக்கற வரைக்கும். அந்த ஒரு மாசம் அம்மிக்கல்லு வள்ளிக்குக் கிடையாது. சட்னிக்கு என் வீட்டு அம்மிக்குத்தான் வருவா. ஒவ்வொரு ஏப்ரலும், இந்த வருசம் உன் பொண்டாட்டி ரெக்கார்டை எடுக்கறியான்னு நான் கேப்பேன். அடுத்த வருசம் அக்கா, கை இன்னும் பழகணும்னுவான். நெளிஞ்சது, சுருண்டது, கிண்ணம் மாதிரி ஆனது, எல்லாத்தையும் நிமித்தினான். எங்க சர்ச் கிறிஸ்மஸ் பாட்டு ரெக்கார்டு கூட நிமிந்துச்சு. வள்ளியோடது மட்டும் வேட்டித் துணியில சுத்தி பீரோவுக்குள்ளயே இருந்துச்சு.

இன்னொரு பக்கம் என்ன நடந்துச்சுன்னு சொல்லணும். வள்ளி பேசறது காத்து. சின்னப்பாவுக்கோ காது மந்தம். அவ ஏதாவது சொன்னா "ஆங்?"னுவான். ரெண்டாவது தடவையும் "ஆங்?". மூணாவது தடவை சுவத்தைத் தட்டி, "மௌரீன்க்கா, இவ என்ன சொல்றா?"ன்னு என்னைக் கூப்பிடுவான். எனக்கு உதட்டைப் பாத்தே புரியும், நர்சிங் ஹோம் பழக்கம். டியூட்டி முடிச்சுக் கால் ரெண்டும் வீங்கி வந்து உக்காந்திருப்பேன். எழுந்து போய்ப் பாத்தா, "வெந்நி ரெடியா இருக்குன்னு சொல்றா சின்னப்பா." இதுக்கு ஒரு ஆயா. நான் இல்லாத நேரத்துல அவனே ஒரு ஊகம் பண்ணிக்குவான். பாதி நேரம் அந்த ஊகம் சோறுதான். அவ என்ன சொன்னாலும், சாப்பிடக் கூப்பிடறான்னு நினைச்சு, அப்புறம் சாப்பிடறேன்னு சொல்லிட்டுப் போயிடுவான். கொஞ்ச நாள்ல அவ அவன்கிட்ட பேசறதையே குறைச்சுக்கிட்டா. நேரா என்கிட்ட வந்து சொல்லிடுவா, நான் அவன்கிட்ட சொல்லுவேன். அந்த வீட்டுக்கு மைக் செட்டு நான்தான். கிட்ட போய்க் காதைக் குடுத்துக் கேளேன்டான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். அதான் நீங்க இருக்கீங்களே அக்கான்னு சிரிப்பான். என் பேச்சை அவன் காதுலயே போட்டுக்கல.

இவங்களுக்கு ஒரே பொண்ணு, மகா. ஓசூர் போற வழியில அத்திபெலேயில கட்டிக் குடுத்தது. ரெண்டாயிரத்துல அவளுக்குப் பெண் குழந்தை பொறந்துச்சு. மே மாசம் காது குத்து வச்சிருந்தாங்க. வந்தவ அப்பாவைப் புடிச்சு உலுக்கிட்டா. ஊர்ப் பாட்டெல்லாம் நிமித்தறீங்க, எங்கம்மா பாட்டு எங்க, காது குத்துக்குள்ள அதைக் கேசட்டுல ஏத்திக் குடுங்கன்னா. பொண்ணு கேட்டதுக்கு அப்புறம் அவனால தட்ட முடியல. ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை செய்யறதுன்னு முடிவாச்சு.

அவன் எப்பவும் போல செஞ்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா இது வள்ளியோட ரெக்கார்டு ஆச்சே, எப்பவும் போல செய்ய மனசு வருமா? சிரில்கிட்ட கெஞ்சி ஷோகேஸுக்குப் போடற தடிக் கண்ணாடி வாங்கிட்டு வந்தான். வெயில் நல்லாப் புடிக்கணும்னு தகரத்துக்குக் கரி பூசினான். கொஞ்சம் கூட நெளிவு மிஞ்சக் கூடாதுன்னு, எல்லாருக்கும் கடைசியில வைக்கற அம்மிக்கல்லை இதுக்கு முதல்லயே தூக்கி மேல வச்சுட்டான். வச்சுட்டு, தலையில ஈரத்துண்டைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துலயே காவல் உக்காந்தான்.

நான் டியூட்டியில இருந்தேன். நடந்ததை வள்ளி எனக்கு அப்புறம் சொன்னா. பதினொரு மணி வாக்குல மோர் எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிருக்கா. கண்ணாடி ஓரத்தைத் தொட்டவ, கையை வெடுக்குன்னு எடுத்துக்கிட்டா. அடுப்புல புழங்கற கை அது, அதுக்கே தாங்கல. தடிக் கண்ணாடி இல்லையா, இவன் புறங்கை வச்சுப் பாக்கற மேல்பக்கம் அவ்வளவா சுடல, உள்ள கொதிச்சிருக்கு. சூடு மீறிப் போச்சு, கல்லை எடுத்துடுன்னு அவன்கிட்ட சொன்னா. ஆங்னான். மறுபடி சொன்னா. மோர் அங்க வையின்னான். சட்டையைப் புடிச்சு இழுத்துச் சொன்னா. சோறு அப்புறம் திங்கறேன், நீ கீழ போன்னான். அவளே கல்லைத் தூக்கப் போனா. கையைத் தட்டி விட்டுட்டு, ஆட்டிடாதே, மௌரீன்க்கா வந்ததும் என்னன்னு கேட்டுக்கறேன்னு சொல்லியிருக்கான். கத்தறதுக்கு அவகிட்ட குரல் இல்ல. கீழ வந்து காம்பவுண்டு கேட் பக்கத்துல எனக்காகக் காத்து நின்னுட்டா.

சிவாஜிநகர்ல பஸ் மாறி நான் வந்து சேர மத்தியானம் ரெண்டாச்சு. கேட்டுலயே என் கையைப் புடிச்சுக்கிட்டா. அவ உதடு நடுங்கின நடுக்கத்துல எனக்கே முதல்ல புரியல. புரிஞ்சதும் மூச்சு வாங்க மாடிக்கு ஓடி, "கல்லை எடுடா பாவி!"ன்னு கத்தினேன். எடுத்தான். கண்ணாடி ஓரத்தைத் தொட்டான். அவனுக்கும் அப்பத்தான் உறைச்சுது. ஆனா சூட்டோட பிரிக்க முடியாதே. அப்படியே தூக்கிக் கீழ கொண்டுவந்து வச்சான்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. மகா குழந்தையோட வந்திருந்தா, டேப் ரெக்கார்டரும் புதுக் கேசட்டும் கொண்டு வந்திருந்தா. நான் சர்ச்சுக்குப் போகாம அங்க போய் உக்காந்தேன். சின்னப்பா கண்ணாடியைப் பிரிச்சான். ரெக்கார்டு தரை மாதிரி சமமா இருந்துச்சு. ஒரு நூல் நெளிவு கிடையாது. மகா கையைத் தட்டினா. பிளேயர்ல வச்சுச் சுத்த விட்டான், ஊசி ஆடவே இல்ல. அத்தனை வருசத்துல அவன் நிமித்தினதுலயே அதுதான் நல்லா நிமிந்தது.

ஆனா பாட்டு வரல. உஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு. வால்யூமை ஏத்தினான், காத்து பெருசாச்சு, அவ்வளவுதான். கோடெல்லாம் அமுங்கிப் போயிருந்துச்சு. திருப்பிப் போட்டான், அந்தப் பக்கமும் அதே காத்து. அது வள்ளி இப்ப பேசற அதே சத்தம். மகா குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசப்பக்கம் போயிட்டா.

சின்னப்பா மட்டும் விடல. மண்டி போட்டு, ஸ்பீக்கர் பெட்டியில காதை ஒட்டி வச்சான். ரொம்ப ஆழத்துல, அந்தக் காத்துக்குப் பின்னால, நூல் மாதிரி ஏதோ கேட்டுச்சாம். கையைத் தூக்கி எங்களைப் பேசாதீங்கன்னு காட்டினான். கண்ணை மூடிக்கிட்டு, மூச்சைக் கூட அடக்கிக்கிட்டு, அப்படியே இருந்தான். கன்னத்துல தண்ணி ஓடிச்சு.

வள்ளி கட்டில் ஓரத்துல உக்காந்து அவனையே பாத்துக்கிட்டிருந்தா. அழல. அப்புறம் ஏதோ சொன்னா. அவளுக்குக் கோவம்னு பாத்தாலே தெரிஞ்சுது.

அவன் காதை எடுத்துட்டு, வழக்கம் போல என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றா அக்கா?"ன்னான்.

எனக்குப் புரிஞ்சுது. ஒரு எழுத்து விடாம புரிஞ்சுது. ஆனா அந்த நிமிசம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஏழு வருசமா இந்த வேலையைச் செஞ்சு அவனைக் கெடுத்ததே நான்தானோன்னு கூடத் தோணிச்சு.

"நான் சொல்ல மாட்டேன். அவ உன்கிட்டதான் சொன்னா. நீயே போய்க் கேளு"ன்னேன்.

அவன் பிளேயரை நிறுத்தினான். முட்டி போட்டபடியே கட்டில்கிட்ட நகந்து போனான். பெட்டியில வச்ச மாதிரியே அவ வாய்கிட்ட காதைக் கொண்டு போனான். அவ மறுபடி சொன்னா.

"அந்தப் பொட்டியில காதை வைக்கிறியே. இத்தனை வருசத்துல ஒரு நாளாவது என்கிட்ட இப்படி வச்சியா?"

அவன் ஆங்னு கேக்கல. தலையைத் தூக்கவும் இல்ல. அவ அவன் தலையை ஒரு கையால அப்படியே அழுத்திப் புடிச்சுக்கிட்டு, இன்னும் ஏதோ பேச ஆரம்பிச்சா. ரொம்ப நேரம் பேசினா. அவன் தலை அவ உதட்டை மறைச்சுக்கிட்டிருந்துச்சு, அதனால என்ன சொன்னான்னு எனக்குத் தெரியல. நான் எழுந்து என் வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்தச் சுவத்தை யாரும் தட்டல.